கழுவாத இலுப்பைப் பூ

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்குப் போகும் காலைப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு நல்ல நாள் என்பது என் கட்சி. எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த தோழி ரமணி, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் என் தோளில் வந்து விழுந்துகொண்டிருந்தாள். வேலூரில் என்னோடு கல்லூரியில் படித்தவள். இப்போது கோவாவில், உரிமம் பெற்ற ஒரு சின்ன மது வடிப்பகத்தில் வேலை. இலுப்பைப் பூவை ஊறவைத்து, புளிக்கவிட்டு, செம்புக் கலனில் காய்ச்சி வடிக்கிறாள். மாமியாரிடம் மட்டும் சென்ட் கம்பெனி என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

இந்த மலைப் பூதான் வேண்டும் என்று முதலாளியிடம் அடம்பிடித்தவளும் அவளே. போன வருஷம் இங்கிருந்து போன மூட்டைகளைப் பிரித்தால் காடி நாற்றம். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த முறையும் அப்படியென்றால் வடநாட்டில் வாங்கிக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் அவள் வந்தாள். சாப்பாடு நன்றாக இருக்கும் என்றதால் நான் வந்தேன்.

புதூர்நாட்டில் இறங்கி நெல்லிவாசலுக்கு ஷேர் ஜீப் பிடித்தோம். தலைக்கு ஐம்பது ரூபாய். நாங்கள் பூ விஷயமாக வந்திருப்பதைக் கேட்டதும் ஓட்டுநருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இன்னா மேடம், சாராய ஊறல் தேடி வந்தீங்களா? போலீஸ்காரங்க பானைய ஒடச்சி ஒடச்சி, அதெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சுங்க."

"நான் குடிக்கிறவ இல்லண்ணே, காய்ச்சறவ" என்றாள் ரமணி.

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு ஊர் வரும்வரை சிரித்தார்.

பூ சேர்த்து அனுப்பும் கோவிந்தன், லட்சுமி தம்பதியின் வீட்டில்தான் தங்கினோம். மதியம் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கமே படவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய நாளில் எப்படிக் காய்ச்சினார்கள் என்று எனக்குக் காட்ட, கோவிந்தன் வெறும் பானைகளை அடுக்கினார். அடியில் ஊறல் பானை. அதன்மேல் அடியில் ஓட்டை போட்ட பானை, அதற்குள் ஒரு சின்னக் கலயம். உச்சியில் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டி. ஆவி சட்டியின் அடியில் பட்டுக் குளிர்ந்து கலயத்தில் சொட்டும். சட்டித் தண்ணீர் சுட்டுப்போனால் மாற்ற வேண்டும்.

"மொத தண்ணி மாத்தற வரிக்கும் எறங்கறது நெருப்புங்க. ரெண்டாந்தண்ணிதான் வாசம். அதுக்கப்புறம் சப்புன்னு பூடும்."

ரமணி போன வருஷம், பூ விழும் முன்பே விலை பேச வந்தபோது இதைக் கேட்டுக்கொண்டு போனவள். கோவாவில் அளவு பார்க்க அத்தனை மீட்டர்கள் இருந்தும், பூவாசம் வரும் நடுப்பகுதியைத் தனியாகப் பிடித்து, அந்தப் பீப்பாயில் 'ரெண்டாந்தண்ணி' என்று தமிழில் எழுதி ஒட்டுகிறாளாம். அதைச் சொன்னபோது கோவிந்தன் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே! "தமிழ்லயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மறுநாள் விடியும்போது இலுப்பை மரத்தடியில் இருந்தோம். கோயில் விளக்குக்கு எண்ணெய் ஆட்டக் கொட்டை தரும் மரம் என்ற அளவில்தான் எனக்கு இலுப்பையைத் தெரியும். பூ இவ்வளவு இனிக்கும் என்று தெரியாது. வெளிர்மஞ்சளாக, சாறு கட்டி, தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. லட்சுமியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் குனிந்து குனிந்து கூடையில் பொறுக்கினார்கள். என் இடுப்பு பாதிக் கூடையிலேயே கைவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் லட்சுமி குடத்தை எடுத்துக்கொண்டு கைப்பம்புக்குக் கிளம்பினார். கைப்பம்பு சரிவுக்குக் கீழே இருக்கிறது.

"இப்ப எதுக்குங்க தண்ணி?" என்று ரமணி கேட்டாள்.

"பூ அலசத்தான். மூணு தண்ணி வுட்டு அலசுவோம்."

"போன வருஷமும் அலசினீங்களா?"

"பின்ன? மண்ணுல வுழுந்தத அப்பிடியே வெளியாளுக்குக் குடுக்கறதா? எங்க வூட்டுக்குன்னா மொறத்துல பொடைச்சிக் காயவச்சிப்போம். வெளிய போறத கழுவித்தான் குடுக்கணும்."

ரமணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவள், வீட்டுக்கென்று வைத்திருக்கும் போன வருஷப் பூ இருக்கிறதா என்று கேட்டாள். லட்சுமி ஒரு பானையை எடுத்து வந்தார். திறந்ததும் திராட்சையும் வெல்லமும் கலந்தாற்போல் ஒரு வாசம். ஒரு பூவை வாயில் போட்ட ரமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

எத்தனை குடம் சுமந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கே சொல்ல வாய் வரவில்லை. ரமணி சொல்லிவிட்டாள். கழுவும்போதே இனிப்பு தண்ணீரோடு போகிறது, ஈரம் உள்ளே தங்கிப் பூ கெட்டுவிடுகிறது என்று விளக்கினாள்.

லட்சுமி குடத்தை 'ணங்'கென்று கீழே வைத்தார். "ஏம்மா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஊரே தண்ணி தூக்கிச்சே! இந்தாய்யா, கேட்டியா? நம்ப தண்ணி ஊத்திக் கெடுத்துக்கினுகீறோம்!"

கோவிந்தன் தலையைச் சொறிந்தார். முதலில் சிரித்தது லட்சுமிதான். அன்றைய பூ கழுவப்படாமல் நேராகப் பாறைக்குக் காயப் போனது. ரமணியும் அதே பாறைமேல் ஏறி, சிக்னல் பிடித்து முதலாளியைக் கூப்பிட்டாள். இறங்கி வந்தவள், "பூ இங்கேருந்துதான்" என்றாள். நேற்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடாதது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாடா என்றிருந்தது.

வேலூரில் எங்கள் வீட்டில் விருந்தாளிக்கென்று தனியாகக் கண்ணாடி டம்ளர் உண்டு, அலமாரியிலிருந்து எடுப்பதோடு சரி, கழுவுவதுகூட இல்லை. யாரென்றே தெரியாத கோவாக்காரனுக்காக மேட்டில் தண்ணீர் சுமந்தவர்களை நினைத்துக்கொண்டே சாயங்கால ஜீப்பில் ஏறினேன். வண்டி நகரும்போது லட்சுமி ஓடி வந்து என் மடியில் ஒரு பொட்டலத்தை வைத்தார். வறுத்த இலுப்பைப் பூ, இன்னும் சூடு ஆறவில்லை.

"கம்பெனிக்குத்தான கழுவக் கூடாது? இது உங்களுக்கு. மூணு தண்ணி வுட்டு அலசிட்டேன்."