பூமணி மாமிக்கு விருப்பமானது

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பூமணி மாமி போய்விட்டா என்று போன் வந்தபோது நான் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தேன். வாய்க்குள் அவ போட்டுத் தந்த மோர்மிளகாய். போனை வைத்துவிட்டு, மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு, கையைக் கழுவிய பிறகுதான் அழுதேன். மாமி கோபிக்க மாட்டா. "முதல் சாப்பிடு, பிறகு கவலைப்படுவம்" என்று இந்தக் கொடிகாமத்துக்கே சொன்னவ அவ.

இந்த நினைவு மலரில் எழுதப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்ற ஓட்டோக்காரன். மாமியின் மகள் சுகந்தி விடவில்லை. "பக்கத்து வீட்டிலை இருந்துகொண்டு அம்மாவை ஆகலும் பகிடி பண்ணினது நீங்கள்தானே அண்ணை, நீங்களே எழுதுங்கோ" என்றாள்.

சண்டையில் இடம்பெயர்ந்து ஒரு மரத்தடியில் கிடந்தபோது, கல்லு வைத்து அடுப்பு மூட்டி மாமி கஞ்சி காய்ச்சினா. தன் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் பேர் தெரியாதவர்களுக்கும் வார்த்தா.

"மாமி, உப்புக் குறைவு" என்றேன்.

"உன்ரை நாக்கு நீளமடா, அதுதான் உப்புப் போய்ச் சேரேல்லை."

எல்லாரும் சிரித்தோம். பானையில் அவவுக்கு மிஞ்சியதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. நானுந்தான்.

பிள்ளைகளை வளர்த்து, பிறகு பேரப்பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் நான் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டோவை எடுக்கையில் வாசல் படலையடிக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டா: "தம்பி, ஐஸ்கிறீம் குடிக்க ஆசையாக் கிடக்கு. ஒரு கப் கொண்டு வாறியே?"

"என்ன மாமி, இந்த வயதிலை மசக்கையோ?"

அதோடு விட்டேனா? சந்தியில் சொன்னேன், கோயில் வீதியில் சொன்னேன், அவவின் மருமகனுக்கும் சொன்னேன். ஊர் சிரித்தது. மாமியும் சிரித்தா. ஐஸ்கிறீமை நான் வாங்கவே இல்லை. அதற்குப் பிறகு "ஏதும் வேணுமோ மாமி?" என்று கேட்டால், "பேத்திக்கு பிஸ்கற் வாங்கி வா" என்பா. தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டுமே, குசினியில் அந்தக் கதை வந்தது.

"அம்மாவுக்குப் புட்டும் மாம்பழமும் விருப்பம்" என்றான் மூத்த மகன்.

"அது உங்களுக்கு, அண்ணா" என்றாள் சுகந்தி.

"அம்மம்மாவுக்கு நூடில்ஸ்" என்றாள் பேத்தி.

"அது உனக்கு."

எல்லாரும் எழும்பின பிறகு சாப்பிட்டவவின் கோப்பையை யார் பார்த்தது?

"ஐஸ்கிறீம்" என்றேன்.

சுகந்தி கண்ணைத் துடைத்தாள். "செத்த வீட்டிலையும் பகிடியே அண்ணை?"

"இல்லைப் பிள்ளை, உண்மையாத்தான்."

மூத்தவன் என் தோளில் தட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனான். புட்டும் மாம்பழமும் படைத்தார்கள். காலமெல்லாம் பகிடி விட்ட வாயை யார் நம்புவார்கள்? ஓடிப்போய் ஒரு கப் வாங்கி வந்து நானே வைத்திருக்கலாம். ரோசத்தில் அதையும் செய்யவில்லை.

ஆகவே இதில் எழுதுகிறேன். மாமிக்கு ஐஸ்கிறீம் விருப்பம். பகிடி இல்லை. சுகந்தி, வருசம் முடிய வாற ஆட்டைத் திவசத்துக்கு மறக்காமல் வை.

மாமியிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான் இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்றுக் காலை அதை என் மனிசியிடம் கேட்டேன்: "உனக்கு என்னப்பா சாப்பிட விருப்பம்?" அவ அடுப்பை விட்டு வந்து, காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. அதற்குள் பால் பொங்கி முழுக்க ஊற்றுப்பட்டுவிட்டது. எல்லாரும் வெறுந்தேத்தண்ணி குடித்தோம்.