கோயில் காலண்டர் அட்டைக்குள் ஒரு டியூக்

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் காதல் கதை கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். குதிரை வண்டி, நடன விருந்து, கல்யாணமே வேண்டாமென்று முறைத்துக்கொண்டு திரியும் டியூக் பிரபு, அவர் மாளிகைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வரும் ஏழை டீச்சர். இவ்வளவு இருந்தால் போதும்.

தமிழில் வந்த பழைய புத்தகங்களுக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடை இருக்கிறது. மூட்டையில் டியூக் யாராவது அகப்பட்டால் கடைக்காரர் எனக்கென்று எடுத்து வைத்துவிட்டு போன் செய்வார். "யக்கா, உங்காளு ஒர்த்தன் வந்துகீறான்." ஆவடி லோக்கலில் பெண்கள் பெட்டிக்குள்ளேயே புத்தகங்களைக் கைமாற்றிக்கொள்ளவும் ஆட்கள் உண்டு. போனில் படிக்கலாமே என்று யோசனை சொல்பவர்களோடு நான் பேசுவதில்லை.

சிக்கல் அட்டையில்தான். எந்த டியூக்கும் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடுவதில்லை. என் மாமியாரோ ஞாயிறு முதல் பூசையை விடாதவர். கதைப் புத்தகம் கண்ணில் பட்டால் அத்தோடு பழைய பேப்பருக்கே போய்விடும் என்று எச்சரித்திருந்தார். அதனால் போன வருடத்து மாதா கோயில் காலண்டர் தாளில் அட்டை போட்டுவிடுவேன். அவருடைய ஜெபப் புத்தகத்துக்கும் அதே தாள், அதே மாதா படம். அடையாளத்துக்கு உள்ளே வைப்பதும் கோயிலில் கொடுக்கும் சின்னப் புனிதர் படம்தான். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அம்பத்தூரில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், மேசையில் ஜெபப் புத்தகம் மட்டும் இருந்தது. மாமியார் அன்பியத்துக்குப் போயிருந்தார். தெருவிலுள்ள கோயில் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வார்களே, அந்தக் கூட்டம். ஜெபப் புத்தகமென்று என் டியூக்கை எடுத்துப் போய்விட்டார். டியூக் குண்டடிபட்டு டீச்சரின் மடியில் கிடக்கும் பக்கத்தில்தான் சின்னப் படத்தைச் செருகியிருந்தேன்.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அன்று கூட்டம் நடந்த வீட்டின் கூடத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்: "'என்னை விட்டுப் போகாதீர்கள்' என்று அவள் கதறினாள்." யாரோ முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். இன்றோடு என் படிப்புக்கு முழுக்கு என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மாமியார் என்னைப் பார்த்தார். "இன்னா நின்னுகினு கீற? ஒக்காரு. படம் வச்ச பக்கமாச்சே, ஏதோ புனிதர் சரித்திரம்னு ஆரம்பிச்சிட்டோம். இல்லன்னு அப்பறந்தான் தெரிஞ்சிது. அதுக்குன்னு? உசுருக்குப் போராடிகினு கீறான், பாதியில மூட முடியுமா?"

நேரமாகிவிட்டதால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மன்றாட்டுக்கு வந்தார்கள். மகனின் வேலைக்காக ஒருவர், முழங்கால் வலிக்காக ஒருவர். மாமியாரின் முறை வந்தது. "குண்டடிபட்டுக் கெடக்குற அந்தப் புள்ள பொழச்சி எழுந்து, டீச்சரம்மாவ கோயில்ல வச்சிக் கட்டிக்கணும்னு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் எல்லோரும். என் குரல்தான் உரக்கக் கேட்டது.

திரும்பி வரும்போது புத்தகத்துக்குக் கை நீட்டினேன். மாமியார் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அடுத்த வாரம் நம்ம ஊட்லதான் கூட்டம். மிச்சத்த எல்லாருமா படிக்கலாம். அதுவரிக்கும் நீ தொடக்கூடாது."

இப்போது டியூக் மாமியாரின் தலையணைக்கு அடியில் இருக்கிறார். நேற்று காலை காபி கொண்டுபோனபோது எட்டிப் பார்த்தேன். சின்னப் படம் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தது.

"இன்னா ஆச்சு, அத்தே? பொழச்சானா?" என்று கெஞ்சினேன்.

காபியை ஆற்றிக்கொண்டே, "நல்லா வேண்டிக்கோ" என்றார்.