மச்சான் இல்லாத மலை

உலக யுத்தம் முடிந்த வருஷம் கொடைக்கானலில் அவரைச் சந்தித்தேன். எங்கள் தூத்துக்குடிக்காரர், முத்துக் குளிப்பவர். அகன்ற மார்பு, உப்பில் சிவந்த கண்கள். எங்கே நின்றாலும் இடுப்பைத் தடவிப் பார்ப்பார், கயிறு கட்டியிருப்பதைப் போல.

பனி விலகியதும் எல்லோரும் பாறை விளிம்பில் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். அவர் மட்டும் நகரவில்லை.

“வாங்க அண்ணாச்சி, நான் பிடிச்சிக்கிடுதேன்,” என்று கை நீட்டினேன்.

“கடலுக்குள்ள நான் எறங்கும்போது மேல கயிறு பிடிக்கிறது எம்மச்சான். எங்க ஆளுக எல்லாருக்கும் அப்பிடித்தான். அவன் கை நழுவுனா தாலியறுக்கிறது அவன் தங்கச்சில்லா? ஒமக்கு என்ன போச்சு?”

சொல்லிவிட்டு மார்பை நிமிர்த்திக் கைகட்டி நின்றார்.

“பயந்துட்டாரோ?” என்று சிரித்தார் ஒரு மதுரைக்காரர்.

“எங்க ஊர்க்காரராக்கும்!” என்றேன். அவர் பக்கத்தில் போய் நானும் நிமிர்ந்து நின்றுகொண்டேன். கடைசிவரை இருவருமே பள்ளத்தைப் பார்க்கவே இல்லை.