மாமா தட்டிய கல்

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருபது நாள் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு கார்ப் பட்டறை. அது எங்களுடையதுகூட இல்லை.

செல்லூரில் எங்கள் வீட்டுக்கு முன்னால், அப்பா தறிக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி விரிக்க நீளமாக ஓர் இடம் இருந்தது. அம்மாவின் தம்பி, பஸ் கம்பெனி மெக்கானிக் வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பட்டறை போட இடம் தேடினார். அப்பாவைக் கேட்காமலே அம்மா அதில் பாதியைக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். அம்மாவும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. அதனால் நான் நடுவில் தபால்காரி ஆனேன். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டே, "கொழம்புல உப்புக் கம்மின்னு சொல்லு" என்பார் அப்பா. நான் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வேன். வெளியாள் முன்னால் வாயே திறக்காத எனக்கு இந்த வேலையில் கொஞ்சம் பெருமைதான்.

பட்டறைக்கு வந்த முதல் கார், மில் முதலாளி ஒருவருடைய மகனின் சிவப்புப் பந்தயக் கார். கூரை கிடையாது. இரண்டு பேர்தான் உட்காரலாம். அவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவியோடு போனால் வளைவில் 'டொக்' என்று சத்தம் வருகிறது, தனியாகப் போனால் வரவில்லை என்றார். மாமா இரண்டு தடவை சரிசெய்து கொடுத்தார். இரண்டு தடவையும் கார் திரும்பி வந்துவிட்டது.

மூன்றாம் தடவை மாமா என்னை இருக்கைக்குப் பின்னால் இருந்த பொந்தில் படுக்கவைத்து, அடிப்பலகையில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். முதலாளி மகன் ஓட்ட, மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். ஆற்றங்கரை வளைவில் சத்தம் கேட்டது. சொல்ல வெட்கம். மாமாவின் இடது தோளைக் கிள்ளிவிட்டேன்.

"இடப்பக்கமா? முன்னாடியா?"

தலையை ஆட்டினேன்.

முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவே, காரின் வயிற்றுக்குக் கீழே ஒரு முறுக்குக் கம்பி போகிறது. வளைவில் வண்டி ஒரே பக்கமாகச் சாயாமல் அதுதான் பிடித்துக்கொள்ளுமாம். அதன் இரண்டு முனையிலும் நட்டு வைத்த சின்னச் சட்டங்கள். நட்டைத் திருகினால் சட்டம் நீளும், குறுகும். சத்தம் அந்த இடத்திலிருந்துதான் வந்தது.

"சாயங்காலம் அழகர்கோவில் போகணும்ப்பா. இப்பவும் சத்தம் கேட்டா வேற பட்டறைக்குப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டு முதலாளி மகன் போனார். வீட்டுக்குள்ளே அப்பா என்னைக் கூப்பிட்டார். "இன்னைக்கும் இந்தக் காரு இங்க நின்னுச்சுன்னா, நாளைக்கு ஒந்தம்பி வேற எடம் பாத்துக்கிரட்டும்னு ஒங்கம்மாகிட்டச் சொல்லு." சொன்னேன். வெளியே மாமாவின் ஸ்பேனர் சத்தம் நின்றுபோனது.

மாமா மறுபடியும் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார். வாசலில் நூல் பிரித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"சக்கரத்த அந்தரத்துல தொங்கவிட்டு முறுக்குனா, ஆளு ஏறுனதும் கம்பி இழுக்கத்தான செய்யும்? பாவு தொய்ஞ்சு கெடக்கயில அளவு பாப்பமா? ஆள உக்காரவச்சு முறுக்கச் சொல்லு, ஒம்மாமன."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமா காருக்கடியிலிருந்து தவழ்ந்து வந்தார்.

"அப்ப நீங்களே ஏறி உக்காருங்க மச்சான்."

அப்பா யோசித்தார். கார் போய் இடம் மீளவேண்டும் என்ற நினைப்போ என்னவோ, ஏறி உட்கார்ந்தார்.

"பக்கத்துல மொதலாளி மகன் சம்சாரம் எடைக்கு ஒரு ஆளு வேணும். அக்கா, நீயும் வா."

அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். எதிர்வீட்டு அத்தை விடுவாளா? "என்ன மதினி, ரெண்டாவது தடவை கல்யாண ஊர்கோலமா?" தெருவே சிரித்தது. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார்.

நட்டு எடுத்துக் கொடுக்க நானும் அடியில் படுத்தேன். ஜாக்கியை எடுத்தாயிற்று. சக்கரம் தடித்த பலகைகள்மேல், ஆள் மேலே. இப்போது மாமா இரண்டு பக்கமும் அளவு பார்த்துத் திருகினார். கடைசி நட்டையும் இறுக்கிவிட்டுச் சிரித்தார். வேலை முடிந்தது.

ஆனால் அவர் வெளியே வரவில்லை. ஒரு கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஸ்பேனரால் அதைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மாமா, முடிஞ்சிருச்சுல்ல?"

உதட்டில் விரல் வைத்தார்.

மேலே அம்மா யாருக்கோ சொல்வதுபோல், "வெயிலு மூஞ்சியில அடிக்குது" என்றாள்.

நான் தபாலுக்குத் தயாரானேன். அதற்குள் அப்பாவின் குரல் கேட்டது. "இந்தா, துண்டப் போட்டுக்க."

பிறகு என்னமோ பேசினார்கள், மெதுவாக. என் காதுக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் என் தலைக்கு மேலே காரைத் தாங்கிக்கொண்டிருந்த வில்பட்டை கிடுகிடுவென்று ஆடியது. அம்மா சிரிக்கிறாள் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மாமா இன்னும் நிதானமாகக் கல்லைத் தட்டினார்.

சாயங்காலம் முதலாளி மகன் மனைவியோடு கிளம்பினார். தெருமுனை வளைவில் கார் திரும்பும்வரை நாங்கள் வாசலிலேயே நின்று கேட்டோம். ஒரு சத்தமும் இல்லை. "மாப்ள, அடுத்த வண்டிய ஓரமா நிறுத்து. எனக்குப் பாவு விரிக்கணும்" என்றார் அப்பா. மாமாவிடம் நேராகவே சொன்னார். எனக்கு வேலை போய்விட்டது.

அந்த ஆத்திரத்தில், சோறு போடும்போது அம்மாவிடம் கோள் சொன்னேன். "மாமா ஏமாத்திட்டாரு. வேலை அப்பவே முடிஞ்சிருச்சு. சும்மா கல்லத்தான் தட்டிக்கிட்டு இருந்தாரு."

"தெரியும். பேசாமச் சாப்பிடு" என்றாள் அம்மா. "ஒங்கப்பாவுக்கும் தெரியும்."

தெரிந்தும் இரண்டு பேரும் அத்தனை நேரம் எதற்கு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள் என்று, சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.