ஈஸ்ட் போடாத ஒயின்

எங்கள் சபையின் பெரிய வீட்டுப் பெண்கள் கிறிஸ்துமஸுக்கு இரண்டு ஜாடி ஒயின் போடுவார்கள். ஒன்று பெரியவர்களுக்கு, இன்னொன்று குழந்தைகளுக்கு. கருப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். வாயைத் துணியால் கட்டி இருபத்தொரு நாள் வைப்பதும் தினம் மரக்கரண்டியால் கிளறுவதும் ஒன்றுதான். குழந்தைகள் ஜாடியில் ஈஸ்ட் மட்டும் போடமாட்டார்கள். அதனால் அது ஜூஸாம். இந்தக் கண்டுபிடிப்பை மைசூர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பி.எஸ்ஸி. முதல் வருடம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடப் படியை மிதித்ததில்லை. அப்பா கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். வேலை முடிந்ததும் பாக்கெட் சாராயம். மண்டி மொஹல்லாவின் ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு, அதில் அந்த வாடைக்கும் ஓர் இடம். தங்கைக்கு ஆறு வயது. அவள் நாக்கில் அந்த ருசி ஒரு சொட்டுகூடப் படக்கூடாது என்பதில் அம்மா இரும்பு. "அந்தப் பழக்கம் அந்த ஆளோட போவட்டும்" என்பார்.

அந்த வருடம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் விருந்துக்கு என்ன குடிக்கக் கொடுப்பது என்று பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. நான் அதை மெய்யாகவே யோசித்தேன். பாட்டில் கலர் கொடுத்தால் ஜெபம் முழுக்க ஏப்பம் கேட்கும். ஆரஞ்சுப் பவுடரில் நிறம் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. பால் மத்தியானத்துக்குள் திரிந்துவிடும். கொதித்து ஆறிய தண்ணீர், எலுமிச்சை, வெல்லம், ஏலக்காய் என்று எழுதி எடுத்துக்கொண்டு சபைப் பெண்களின் கூட்டத்துக்குப் போனேன்.

"பானகமா? ராமநவமியா கொண்டாடுறோம்?" என்றார் சபைச் செயலாளரின் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். "பசங்களுக்குத்தான் நம்ம ஜாடி இருக்கே."

"ஆன்ட்டி, திராட்சைத் தோல்லயே ஈஸ்ட் இருக்கு. நீங்க போடலன்னாலும் அது வேலை செய்யும். இருபத்தொரு நாள் ஆனா அதுவும் சாராயம்தான்."

"சாராயம் உங்க தெருவுல இருக்கும், தம்பி. இது எங்க மாமியார் காலத்து ஒயின்."

"காலேஜுக்குப் போயி ஆறு மாசம் ஆகல, திராட்சைக்கே பாடம் எடுக்குதுப்பா!" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

இதே பெண்கள்தான் வாராவாரம் குடிகாரர்களின் மனந்திரும்புதலுக்காகக் கண்மூடி ஜெபிப்பார்கள். பெயர் சொல்லமாட்டார்கள். ஆமென் சொன்னதும் கண்ணைத் திறந்து நேரே என் அம்மாவைப் பார்ப்பார்கள். அவ்வளவு நாசூக்கு.

விருந்தன்று என் எலுமிச்சைத் தண்ணீருக்கு ஒரு மூலையை ஒதுக்கினார்கள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நடு மேஜையில் ஜாடி. செயலாளரின் பேரன் மூன்றாவது டம்ளரை முடித்துவிட்டு, காது சிவக்க, எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். "எவ்ளோ குஷி பாரு, கிறிஸ்துமஸ்ல" என்று பாட்டி பூரித்தார். பிறகு ஒரு டம்ளரை நிரப்பி என் தங்கையின் கையில் திணித்தார். "குடி கண்ணு, ஒண்ணும் ஆவாது. அண்ணன் சொல்றத கேக்காத."

"வேணாம் ஆன்ட்டி" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தங்கை டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

அதற்குள் அம்மா கடைசி பெஞ்சிலிருந்து வந்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் அதுவரை வாயே திறக்காதவர். டம்ளரை வாங்கி மூக்கருகே பிடித்தார்.

"நான் படிக்காதவம்மா. ஆனா இருவது வருசமா இந்த வாடை பக்கத்துலதான் படுத்து எந்திரிக்கிறேன். இது அதேதான். கிராம்பு போட்டு மறைச்சா எனக்குத் தெரியாதா?"

டம்ளரைச் செயலாளரின் மனைவி கையிலேயே திருப்பி வைத்தார். "நீங்க பெரியவங்க, நீங்களே குடிங்க."

"ஏனம்மா, என்னா பேச்சு இது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ஏனென்றால் சுற்றியிருந்த தாய்மார் ஒவ்வொருவராக, வேறெதையோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, தங்கள் பிள்ளைகளின் டம்ளரை முகர்ந்துகொண்டிருந்தார்கள். அத்தனை கிறிஸ்துமஸாக அங்கே ஒருவருக்கும் மூக்கு இருந்ததாகத் தெரியவில்லை. திடீரென்று எல்லாருக்கும் முளைத்துவிட்டது.

காலி டம்ளர்கள் என் மூலைக்கு வரிசையாக வந்தன. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்பு, நன்றி எதுவும் இல்லை. "சீக்கிரம் ஊத்துப்பா" என்றார்கள், நான்தான் அவர்களைக் காக்க வைத்ததுபோல.

நான் தங்கைக்கு முதலில் ஊற்றினேன்.