ஒரு மெத்தை கொண்டுபோகலாம்

எங்கடை வீட்டுக்காரனுக்கு ரெண்டு தொழில். வீடு வாடகைக்கு விடுறது ஒண்டு, வடக்கு இத்தாலியிலை இருந்து வாற சனத்துக்குப் பலேர்மோவைச் சுத்திக் காட்டுறது மற்றது. அல்பெர்கேரியா எண்ட பழைய பகுதியிலை எங்கடை ஒழுங்கையின்ரை பேர்ப்பலகையிலை மூண்டு பாஷையிலை எழுதியிருக்கு. அதிலை ஒண்டு யூதரின்ரை. பலகைக்கு மேலைதான் எங்கடை பல்கனி. காலமை காலமை ஒரு கூட்டத்தைக் கொண்டந்து அதிலை நிப்பாட்டிப்போட்டு, 1492ஆம் ஆண்டை ஓதத் தொடங்குவான்.

கிரனாடா விழுந்தது, கொலம்பஸ் கப்பலேறினது, அதே வருசம் சிசிலியையும் ஆண்ட ஸ்பெயின் ராசா இஞ்சத்தை யூதரை வெளிக்கிடச் சொன்னது, எல்லாம் எனக்குப் பாடம். உடுத்த உடுப்பு, ஒரு மெத்தை, ஒரு கம்பளி, வழிக்குக் கொஞ்சச் சாப்பாடு, இவ்வளவுதான் கொண்டுபோகலாமாம். மெத்தை எண்ட இடத்திலை அவனுக்குக் குரல் அடைக்கும். லேஞ்சியாலை கண்ணைத் துடைப்பான். முதல்தரம் கேட்ட அண்டைக்கு நானும் உடுப்புக் காயப்போட்டபடி அழுதனான், மடைச்சி.

மார்கழியிலை வந்தான். வாடகைக் கொந்த்ராத்து முடிஞ்சுதாம், வீட்டை டூரிஸ்ட் அறையாக்கப் போறானாம்.

"வேறை வீடு கிடைக்குமட்டும் பொறுங்கோ. விலாசம் இல்லாட்டி என்ரை மனுசனுக்கு இஞ்சை இருக்கிற பெர்மெசோ புதுப்பிக்க ஏலாது. எங்கடை நிறத்தைக் கண்டால் ஒருத்தரும் கதவு திறக்கினம் இல்லை" எண்டு கெஞ்சினன்.

"சிஞ்ஞோரா, நீங்கள் இடம் மாறிப் பழகின ஆக்கள்தானே" எண்டு சிரிச்சான்.

நாசமாப் போவான்! இவர் வழக்கம்போலை, "விடும், கதைச்சு என்ன பிரயோசனம்" எண்டார். நான் விடேல்லை.

வெளிக்கிடுற காலமையும் கீழை கூட்டம் நிண்டுது. மெத்தையை மடிச்சுக் கட்டி, இவர் ஒரு கரை, நான் ஒரு கரை. கடைசிப் படியிலை இவரை நிப்பாட்டினன். "பொறுங்கோ, அந்த இடம் வரட்டும்." அவன் மெத்தை எண்டு சொல்லிக் குரல் அடைக்கவும், நாங்கள் மெத்தையோடை அவனுக்கு முன்னாலை வந்து நிண்டம்.

"இந்த மனுசன்தான் எங்களைத் துரத்துறான்! இண்டைக்கு! இப்ப!" எண்டு இத்தாலியனிலை கத்தினன்.

கூட்டத்திலை ஒரு மனுசி கண்ணைத் துடைச்சுக்கொண்டு கைதட்டினா. அவவைப் பாத்து எல்லாரும் தட்டிச்சினம். "பிராவி! பிராவி!" நடிப்பு எண்டு நினைச்சிட்டினம். வீட்டுக்காரன் ஒரு கணம் முழிச்சான். பிறகு நெஞ்சிலை கை வைச்சுக் குனிஞ்சு கும்பிடு போட்டான், நாய்.

"மேலை ஒரு வடிவான அறை இருக்கு, இண்டைக்குத்தான் காலியானது. பாக்க விருப்பமோ?" எண்டு கேட்டான்.

சனம் எங்களை விலத்திக்கொண்டு படியேறிச்சுது. ஒருத்தன் போற போக்கிலை என்ரை தோளிலை தட்டி, நல்லாச் செய்தீங்கள் எண்டான். என்ரை குசினியை ஆரோ வடிவாயிருக்கு எண்டு சொன்னது கீழை வரைக்கும் கேட்டுது.

"இனி எங்கை போறது?" எண்டார் இவர்.

"கதையாமல் உங்கடை கரையைத் தூக்குங்கோ" எண்டன்.