தண்ணீர்த் தொட்டி மறைத்த மலை

பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்று கடை, கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் நாலு போர்ஷன் வைத்த லைன் வீடு, வேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீடு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுச் செங்கல் சுமந்த நான் உண்டாக்கியவை இவை. லைன் வீடு இருக்கும் இடம் பாறைப் பூமி, போர் போட்டால் புழுதிதான் வரும் என்றார்கள். தண்ணீர் வந்தது.

வீடு வாங்க நினைப்பவர்கள் வெயில் நாளில் போய்ப் பார்க்காதீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். சுவரில் ஈரம் எத்தனை அடி ஏறுகிறது என்று அப்போதுதான் தெரியும். அந்த மாடி வீட்டை அப்படிப் பார்த்துத்தான் வாங்கினேன். பழைய ஒயரிங்கைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தேன். பாத்ரூம் தரையை உடைத்து, தண்ணீர் ஓட வாட்டம் சரி பண்ணினேன். மாடிக்குத் தனிப் படி, தனி மீட்டர். மீட்டர் பொதுவாக இருந்தால் குடித்தனக்காரர்கள் சண்டையைத் தீர்ப்பதே நமக்கு வேலையாகிவிடும்.

கீழ் வீட்டுக்கு ஒரே வாரத்தில் ஆள் வந்துவிட்டது. மாடிக்கு வந்தவர்கள் டைல்ஸைப் புகழ்ந்துவிட்டு இறங்கிப் போனார்கள். ஆறு மாதம் பூட்டியே கிடந்தது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

"கார்த்திகை தீபத்துக்குள்ள ஆள் வரலைனா வீட்டை வித்துடலாம்பா. பார்ட்டி ரெடியா இருக்குது."

விற்க எனக்கு மனசில்லை. நான் ஆசைப்பட்டு வாங்கிய வீடு அது ஒன்றுதான்.

அப்போது சென்னையிலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா பார்க்க வந்தார். மாடி அறைக்கு முன்னால் இருக்கும் மொட்டை மாடியில் நின்று சுற்றிலும் பார்த்தார். மூலையில் ஆளுயரத்துக்கு மேல் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி நின்றது.

"மலை எங்கங்க?"

"தொட்டிக்குப் பின்னாடி இருக்குதும்மா."

"தொட்டியைப் பாக்கறதுக்கா நான் சென்னையை விட்டு வரேன்?"

மலை தெரியாததால்தான் ஆள் வரவில்லை என்பது, பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்த எனக்கு உறைக்கவே இல்லை. தண்ணீர்த் தொட்டியைத் தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில், வைப்பது எங்கள் வழக்கம். எங்கள் தெருவுக்கு மலையும் தென்மேற்கில்தான். தெரு முழுக்க அவரவர் தொட்டியால் அவரவர் மலையை மறைத்து வைத்திருக்கிறோம்.

கொத்தனாரைக் கூப்பிட்டு, தொட்டியை இடித்து வடமேற்கில் வைக்கச் சொன்னேன். அவர் கடப்பாரையைத் தொடவில்லை.

"கன்னி மூலைல வெயிட்டு கம்மியானா வீட்டுக்கு ஆவாதுங்க. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

"அந்த மூலைல ஒரு மலையே குந்திக்கினு இருக்குது. அதைவிட ஜாஸ்தி வெயிட்டு எங்கேர்ந்துய்யா கொண்டாருவ?"

தலையைச் சொறிந்தார். "அது கணக்குல வருதுங்களா?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே கடப்பாரையை எடுத்தார்.

டீச்சரம்மா தீபத்துக்கு முந்தின வாரமே குடி வந்துவிட்டார். தீபத்தன்று அந்த மொட்டை மாடியில், சென்னையிலிருந்து வந்த என் மகன் தன் சிநேகிதர்களுக்கு மலையைக் காட்டி, "வியூ வர்ற மாதிரி சின்னதா ஒரு சேஞ்ச் பண்ணோம்" என்றான்.

"பண்ணோமா? யார்ரா பண்ணது?" என்றேன்.

"விடுப்பா, எல்லாம் ஒண்ணுதான்."

எல்லாம் ஒன்றில்லை. இப்போது வீட்டின் படத்தை, மலையோடு சேர்த்து, போன் ஸ்டேட்டஸில் விளம்பரம் மாதிரிப் போட்டிருக்கிறான். அந்தப் படத்துக்குக் கீழே, 'தொட்டியை நகர்த்தியவர் அப்பா' என்று அவன் எழுத வேண்டும். கொத்தனாரையும் சேர்த்துக்கொள்ளட்டும், எனக்கு அடுத்த வரியில்.